நாலாவது கட்டையின் இடது ஓரம்

கயெத்தானோவின் கால்சட்டைகளில் இடது கால் மட்டும் தரையில் இழுபடும். பழையதும் இழுபடும், புதிதாக வாங்கியதும் இழுபடும். அவர் மனைவி ரெமெதியோஸ் இருபத்தைந்து வருடமாக வியாழக்கிழமைச் சந்தையில் இதற்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "ஒரு கால் ஒரு அளவு, இன்னொரு கால் இன்னொரு அளவு. உங்க ஃபேக்டரில கண்ணைக் கட்டிக்கிட்டா வெட்டுறாங்க?" என்று கேட்பாள். துணிக்கடைக்காரன் அசராமல், "வேற யாரும் குறை சொல்லலையேக்கா" என்பான். அவள் கடையை மாற்றினாள். அடுத்த கடைக்காரனும் அதே மோசடியைத்தான் செய்தான். கடைசியில் சந்தை மொத்தமும் திருட்டுக் கூட்டம் என்று முடிவு கட்டி, வாங்கி வந்த அன்றே இடது காலை ஒரு விரல்கடை மடித்துத் தைத்துவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டாள்.

புருஷனை ஒரு தடவை சுவரோரம் நிறுத்திப் பார்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கே தோன்றவில்லை. இத்தனைக்கும் மனிதர் முப்பது வருடமாகத் தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவர். தரை சமமா என்று குமிழி காட்டும் ரசமட்டம் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார். அடுத்தவன் பதித்த தரையில் நடந்தாலே முகம் சுளிப்பார். கல்யாண விருந்தில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "இந்த மூலை மூணு மில்லி இறங்கியிருக்கு" என்று எழுந்து நின்று சொன்னவர். அப்படிப்பட்டவர் தன் இடுப்பு பதினேழு மில்லி இறங்கியிருப்பதை ஐம்பத்தோரு வயது வரை கவனிக்கவில்லை என்றால் என்னத்தைச் சொல்ல.

அடையாளம் இல்லாமலும் இல்லை. இடது தோளில் மாட்டிய பை நிற்காது, வழுக்கி விழும். வலது செருப்பு ஓரத்தில் தேயும். எந்தப் போட்டோவை எடுத்தாலும், இடப்பக்கம் யாரோ ரகசியம் சொல்வதைக் கேட்கிறவர் மாதிரி சாய்ந்து நிற்பார். கல்யாணப் போட்டோவில் அந்தப் பக்கம் அவருடைய மாமியார் நின்றார். அதனால் அதை எல்லாரும் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்த டிசம்பரில் வலது இடுப்பு வலிக்க ஆரம்பித்தது. முதலில் எழுந்திருக்கும்போது வலித்தது, பிறகு உட்காரும்போது, பிறகு சும்மா இருக்கும்போதும் வலித்தது. ரெமெதியோஸ் தைலம் தேய்த்தாள், ஒத்தடம் கொடுத்தாள். "முட்டி போட்டு வேலை பாக்குறவனுக்கு இடுப்பு வலிக்காம காதா வலிக்கும்?" என்று அவர் தட்டிக் கழித்தார். ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று காலையில் காலுறை மாட்டக் குனிந்தவர், நிமிர முடியாமல் கட்டில் ஓரத்தில் அப்படியே மடிந்து உட்கார்ந்திருந்தார். ரெமெதியோஸ் காலுறையை மாட்டிவிட்டாள். "நாளைக்கு டாக்டர். வாயத் தொறந்தே, பாத்துக்கோ" என்றாள்.

கால் டாக்டர் நியேவெஸுக்கு செவில் நகரத்துக்குப் போகிற சாலையில் கிளினிக். முப்பது வயதுப் பெண். கயெத்தானோவை உள்ளாடையோடு நிற்கவைத்துப் பின்னாலிருந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நேரா நில்லுங்க."

"நேராத்தான் நிக்கிறேன்."

"இல்ல."

அவருடைய செருப்புகளை எடுத்து மேசைமேல் வைத்து அடியைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "கால்சட்டை இடது கால் தரைல இழுபடுமா?"

ரெமெதியோஸ் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "அதை ஏன் கேக்குறீங்க டாக்டரம்மா! சந்தைக்காரனுங்க பண்ற அநியாயம்!"

"அநியாயம் இல்லம்மா. உங்க வீட்டுக்காரருக்கு இடது கால் குட்டை."

ரெமெதியோஸ் மெதுவாக உட்கார்ந்தாள். உதடு அசைந்தது. விரல் மடக்கி எதையோ எண்ணினாள். "ஏழு கடைக்காரன்கிட்ட சண்டை போட்டிருக்கேன்" என்றாள்.

டாக்டர் மெல்லிய பலகைகளை ஒவ்வொன்றாக அவருடைய இடது பாதத்துக்கு அடியில் சொருகினாள். இடுப்பு சமமாகிற வரைக்கும் ஏற்றிக்கொண்டே போவது முறை. கயெத்தானோவுக்கு அவள் கண் அளவில் நம்பிக்கை வரவில்லை. "வண்டில ரசமட்டம் இருக்கு. எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றார். ரெமெதியோஸ் போய் எடுத்து வந்து, அவருடைய இடுப்பெலும்புகளுக்குக் குறுக்காக, கதவு நிலைக்கு வைப்பதுபோல் வைத்துப் பிடித்தாள். பலகைகளை எடுத்துவிட்டு முதலில் வெறுங்காலோடு பார்த்தார்கள்.

"குமிழி எங்க நிக்குது?"

"வலது ஓரத்துல முட்டிக்கிட்டு நிக்குது."

"முட்டிக்கிட்டா?"

"முட்டிக்கிட்டுன்னா முட்டிக்கிட்டுத்தான். இன்னும் இடம் இருந்தா இன்னும் போகும்."

பதினேழு மில்லி பலகை உள்ளே போனதும் குமிழி நடுவுக்கு வந்தது. கயெத்தானோ கட்டிலில் உட்கார்ந்து ரசமட்டத்தை மடியில் வைத்துக்கொண்டார். "இந்த லட்சணத்துல ஒரு தரை போட்டிருந்தா, வீட்டுக்காரன் என்னைக் கல்லால அடிச்சிருப்பான்" என்றார்.

அவருக்கு ஒரே ஒரு சந்தேகம். குட்டையாக இருப்பது இடது கால், வலிப்பது வலது இடுப்பு. டாக்டர் சொன்னாள்: "அதுதான் கதை. குட்டைக் காலுக்கும் சேத்து நெட்டைக் கால் உழைச்சிருக்கு. வலது மூட்டு தேஞ்சுபோச்சு. முப்பது வயசுல யாராவது பாத்து, செருப்புக்குள்ள ஒரு தக்கை வச்சிருந்தா இவ்வளவு தேஞ்சிருக்காது. போனது போச்சு. இருக்கிறதக் காப்பாத்தலாம்."

முதலில் ஐந்து மில்லித் தக்கை. இரண்டு வாரம் கழித்து எட்டு. பிறகு பன்னிரண்டு. அதோடு நிறுத்திவிட வேண்டும். ஐம்பது வருடம் சாய்ந்தே பழகின உடம்பை ஒரே நாளில் நிமிர்த்தினால் முதுகு வம்பு பண்ணும் என்றாள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது.

"கனம் ஏதாவது தூக்குவீங்களா?"

"வருஷத்துல ஒரு நாள்" என்றார் கயெத்தானோ.

அவளும் இந்த மண்ணில் பிறந்தவள்தான். சட்டென்று புரிந்துகொண்டாள். "எந்தச் சபை?"

"வியாகுல மாதா சபை. நாலாவது கட்டை, இடது ஓரம்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தாள். "தக்கையோட தூக்குங்க. தக்கை இல்லாம அந்தச் சப்பரத்துக்கு அடியில போனீங்கன்னா ரெண்டே வருஷத்துல ஆபரேஷன். அதுக்கப்புறம் மாதாவை டிவிலதான் பாக்கணும்."

வீட்டுக்குத் திரும்பினார்கள். ரெமெதியோஸ் வண்டி ஓட்டினாள். அவர் கையால் பிடரியைத் தடவிக்கொண்டே வந்தார்.

பிடரியைத் தடவியதற்குக் காரணம் உண்டு. எங்கள் மாதாவின் சப்பரத்தில் சக்கரம் கிடையாது. திரைச்சீலைக்கு உள்ளே ஏழு குறுக்குக்கட்டைகள். கட்டைக்கு ஐந்து பேராக முப்பத்தைந்து பேர் இருட்டில் நின்று, சும்மாடு கட்டிய பிடரியால் தூக்கி, பெரிய வெள்ளியன்று மாலை ஐந்து மணிக்கு ஆரம்பித்து ஊரைச் சுற்றுவார்கள். நெட்டைகள் முன்கட்டையில், குட்டைகள் பின்கட்டையில். ஒரே கட்டையில் நிற்கிற ஐந்து பேரின் பிடரியும் ஒரே உயரம் இருந்தாக வேண்டும். ஒருவன் அரை விரல் உயர்ந்தால் மற்ற நாலு பேரின் பாரமும் அவன்மேல்தான் இறங்கும். அதனால் ஒவ்வொரு வருடமும் தவக்காலத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் வரிசையில் நிறுத்தி அளப்பார்கள்.

அளக்கிறவர் எவரிஸ்தோ. சப்பர மேஸ்திரி, எழுபத்து நாலு வயது, தொழில் தையல். சுத்தியால் சப்பரத்தின் முன்பலகையைத் தட்டினால் முப்பத்தைந்து பேரும் எழ வேண்டும், மறுபடி தட்டினால் இறக்க வேண்டும். அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. "நான் கழுத்தை மட்டும்தான் பாப்பேன். மூஞ்சியப் பாத்தா இரக்கம் வந்துரும்" என்பது அவர் வாடிக்கையாகச் சொல்வது. உயரம் சேராதவனை அடுத்த கட்டைக்கு அனுப்புவார். அங்கே இடம் இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்புவார். வெளியே நாற்பது பேர் பெயர் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கயெத்தானோவும் ஆறு வருடம் காத்திருந்துதான் இருபத்தொன்பது வயதில் உள்ளே வந்தவர்.

அது நடந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இப்போது தக்கை வைத்தால் உயரம் கூடும், உயரம் கூடினால் மூன்றாவது கட்டை. மூன்றாவது கட்டையில் ஐந்து பேரும் காளை மாதிரி இருக்கிறார்கள், ஒருவனும் நகரப் போவதில்லை. கயெத்தானோ கணக்குப் போட்டுப் பார்த்தார். எப்படிப் போட்டாலும் விடை வீடுதான்.

தக்கை தன் வேலையைச் செய்தது. பிப்ரவரி முடிவதற்குள் வலி பாதியானது. ரொட்டிக் கடைக்காரி அவரை மேலும் கீழும் பார்த்து, "என்ன கயெத்தானோ, இளைச்சுட்டீங்களா? முடி வெட்டினீங்களா? என்னமோ மாறியிருக்கே" என்றாள். ஊரில் பாதிப் பேர் இப்படிக் கேட்டார்கள், ஒருவராலும் அது என்னவென்று சொல்ல முடியவில்லை. ரெமெதியோஸ் சந்தையில் புதுக் கால்சட்டை வாங்கினாள். இடது கால் இழுபடவில்லை. "இப்பத்தான் ஒழுங்கா வெட்டக் கத்துக்கிட்டிருக்கானுங்க" என்றாள். மன்னிப்புக் கேட்கிற ஜாதி இல்லை அவள்.

மார்ச் முதல் ஞாயிறு, சபைக் கொட்டகையில் அளவு. கயெத்தானோ பன்னிரண்டு மில்லித் தக்கையைச் செருப்புக்குள் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் காப்பியடித்தவன் மாதிரி வரிசையில் நின்றார். முன்னால் நின்றவனை எவரிஸ்தோ பிடரியில் பலகை வைத்து, ஒற்றைக் கண்ணை மூடி, மூன்று முறை அளந்தார். அடுத்து கயெத்தானோ. இந்த வருடமும் கிழவர் அவருக்குப் பலகையைக் கொண்டுவரவே இல்லை. பிடரியில் இரண்டு விரலை வைத்து எடுத்தார். "நாலாவது, இடது ஓரம். போ."

அவ்வளவுதான். கயெத்தானோ வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டார். கட்டையில் அவருக்குப் பக்கத்து ஆளான ஒனோஃப்ரே, பஸ் டிரைவர், தோளில் குத்தினார். "என்ன மாப்ள, பிரசவ வார்டுக்கு வெளிய நிக்கிறவன் மாதிரி வேர்த்துக் கொட்டுது?"

"ஒண்ணுமில்ல" என்றார் கயெத்தானோ. மாதா பெரியவள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் நீடித்தது. அடுத்த ஞாயிறு நண்பகலில் ஒத்திகை. சிலை கிடையாது, பூ கிடையாது, வெறும் சட்டத்தின் மேல் மணல் மூட்டைகள். சுத்தி விழுந்தது, முப்பத்தைந்து பேரும் எழுந்தார்கள். எழுந்த அந்த நொடியில் கயெத்தானோவுக்கு வானமே பிடரியில் இறங்கியது. கண்ணில் பூச்சி பறந்தது. பக்கத்தில் ஒனோஃப்ரே குஷியாக இருந்தார். "இன்னிக்கு சப்பரம் பஞ்சு மாதிரி இருக்குடா! மணலை அளந்து போட்டவன் தூங்கிட்டான் போல."

கயெத்தானோவுக்குப் புரிந்துவிட்டது. தரையில் ஒரு கல் மட்டும் துருத்திக்கொண்டிருந்தால் போகிறவன் வருகிறவன் காலெல்லாம் அதில்தான் இடிக்கும். இப்போது அவர்தான் அந்தக் கல். கட்டையின் மொத்தப் பாரமும் அவர்மேல். மற்ற நாலு பேரும் சும்மா கூட நடந்து வருகிறார்கள். அப்படியென்றால் கிழவர் அளவு தப்பிவிட்டது. முப்பது வருடத்தில் ஒரு மில்லி தப்பாத எவரிஸ்தோவுக்குக் கண் போய்விட்டது.

இதை வெளியே சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். கண் போன மேஸ்திரியை சபை ஒரு பொன்னாடை போர்த்தி வீட்டுக்கு அனுப்பிவிடும். பெஞ்சாதி செத்த பிறகு கிழவருக்கு இந்தச் சுத்தியை விட்டால் வேறு என்ன இருக்கிறது? கயெத்தானோ வாயை மூடிக்கொண்டார். இரண்டாவது ஞாயிறும் நாலு பேர் பாரத்தை ஒரே ஆளாகச் சுமந்தார். பிடரியில் முட்டை அளவுக்கு வீங்கியது. மூன்றாவது ஞாயிறு, யாருக்கும் தெரியாமல் கொட்டகைக் கழிப்பறையில் தக்கையை உருவி சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கட்டைக்கு அடியில் போனார். அற்புதமாகப் பொருந்தியது. பாரம் ஐந்து பேருக்கும் சமமாக இறங்கியது. ஒனோஃப்ரே, "தூங்கினவன் முழிச்சிட்டான்" என்று முனகினார்.

அன்று வீட்டு மாடிப்படியை கயெத்தானோ உட்கார்ந்து உட்கார்ந்து, பின்பக்கமாக ஏறினார். ரெமெதியோஸ் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கடைசிப் படிக்கு வந்ததும் சட்டைப்பையில் கை விட்டுத் தக்கையை எடுத்தாள்.

"இது இங்க என்ன பண்ணுது?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். மேசையில் கீரையும் கொண்டைக்கடலையும் ஆறிக்கொண்டிருந்தன. அவள் கேட்டு முடித்துவிட்டு, "மாதா உன் இடுப்பைக் கேட்டாளா? கேட்டாளான்னு கேக்குறேன்" என்றாள்.

"கேக்கல."

"அப்ப யாருக்காக இந்தக் கூத்து?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "எனக்காகத்தான் ரெமே. வெளிய நான் டைல்ஸ்காரன். யார் வேணா எனக்குப் பதிலா வந்து டைல்ஸ் ஒட்டலாம். அந்த இருட்டுக்குள்ள அது என் இடம். நான் இல்லேன்னா அந்த ஓரம் சரியும். அதை விட்டுட்டு நடைபாதைல நாற்காலி போட்டு உக்காந்து என்னால பாக்க முடியாது. நெஞ்சு வெடிச்சிரும்."

இருபத்தைந்து வருடத்தில் அவர் இவ்வளவு சேர்த்துப் பேசியதில்லை. ரெமெதியோஸ் எழுந்து தட்டுகளை எடுத்துப் போனாள். தண்ணீர் ஓடுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது.

"நீ தொண்ணூறு வயசு வரைக்கும் நடக்கணும். எனக்கு அது போதும்" என்றாள். "சும்மாட்டைக் குடு. துவைச்சுத் தரேன். அழுக்கோட கொண்டுபோய்த் திருப்பிக் குடுக்காதே."

எங்கள் சபையில் விலகுகிறவன் பேச வேண்டியதில்லை. சும்மாட்டை மடித்து மேஸ்திரி கையில் கொடுத்தால் போதும். நாலாவது ஞாயிறு, ஒத்திகைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே கயெத்தானோ கொட்டகைக்குப் போனார். செருப்புக்குள் தக்கை இருந்தது. எவரிஸ்தோ தனியாக நின்று மணல் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். சலவை செய்து இஸ்திரி போட்ட சும்மாட்டைப் பார்த்ததும் அவர் கை வாங்குவதற்கு நீளவில்லை.

"என்ன இது?"

"இடுப்பு தேஞ்சுபோச்சுண்ணே. டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்குங்க."

"இடுப்பு நாலு வாரத்துல தேயாது. விஷயத்தைச் சொல்லு."

கயெத்தானோ பொய் சொல்லிப் பழகாதவர். செருப்பைக் கழற்றித் தக்கையை எடுத்துக் காட்டினார். இடது கால் பதினேழு மில்லி குட்டை என்பதையும், இதை வைத்துக்கொண்டு கட்டைக்கு அடியில் நின்றால் பிடரி உயர்ந்துபோகிறது, எடுத்துவிட்டால் இடுப்பு போகிறது என்பதையும் சொன்னார். அளந்த அன்றே தக்கை உள்ளேதான் இருந்தது என்று சொல்ல வாயெடுத்து, கிழவர் முகத்தைப் பார்த்து, விழுங்கிவிட்டார்.

எவரிஸ்தோ தக்கையை வாங்கி, துணியின் பருமன் பார்க்கிற மாதிரி இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துப் பார்த்தார். "அளவு அன்னிக்கும் இது இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அட மாதாவே" என்றார் கிழவர். "நான்தான் உன்னை அளக்கவே இல்லையே."

"பரவால்லண்ணே. வயசானா கண்ணு..."

"கண்ணா?" கிழவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என் கண்ணுக்கு என்னடா கேடு? இங்கேருந்து கோபுரக் கடிகாரம் பாப்பேன். உன்னை நான் இருபத்திரண்டு வருஷமா அளந்ததே கிடையாது. அளந்தா ஒரு சென்டி குறையும். நாலு பேர் முன்னாடி பலகையை வச்சு, குறையுதுன்னு சொல்லி, உன்னை எங்க அனுப்புறது? அஞ்சாவது கட்டைல அன்னிக்கு இடம் இல்ல."

பேசிக்கொண்டே அவர் கருவிப் பெட்டியிலிருந்து ஆணி பிடுங்கியை எடுத்துக்கொண்டு, எழுபத்து நாலு வயதில் நாலு காலில் தவழ்ந்து சட்டத்துக்கு அடியில் போனார். கயெத்தானோவும் பின்னாலேயே போனார். நாலாவது கட்டையின் இடது ஓரத்தில் சுற்றியிருந்த சாக்குத்துணியைப் பிரித்து, கிழவர் இரண்டு ஆணிகளைக் கிரீச்சென்று பிடுங்கினார். கட்டையின் அடியிலிருந்து ஒரு மரத்துண்டு பெயர்ந்து வந்தது. ஒரு சாண் நீளம், ஒரு சென்டிமீட்டர் கனம். கயெத்தானோ அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். தையல் கடை அளவுகோலை அறுத்து எடுத்த துண்டு. நாற்பதிலிருந்து அறுபது வரை எண்கள் தெரிந்தன.

"நீ குட்டையா இருக்கே, கட்டை உன் பிடரில படாது. அதனால கட்டையைக் கொஞ்சம் இறக்கினேன்" என்றார் எவரிஸ்தோ. "ஆறு வருஷம் காத்துக்கிடந்து வந்து நின்னே. தப்பித்தவறி மூஞ்சியப் பாத்துத் தொலைச்சிட்டேன். அன்னிக்குச் சாயங்காலமே வந்து அடிச்சேன். இப்ப இது வேண்டாம். தக்கையோட நின்னேன்னா நீ நாலாவது கட்டைக்குச் சரியான ஆளு."

கயெத்தானோவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். இடம் இருக்கிறது. தக்கையும் இருக்கிறது. அப்புறம் மெதுவாக இன்னொன்று வந்தது.

"என் கால் குட்டைன்னு உங்களுக்குத் தெரியும்."

"தையல்காரன்டா நான். நீ வாசல்ல நுழைஞ்சபோதே தெரியும்."

"இருபத்தொன்பது வயசுல தெரியும்."

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?" கயெத்தானோவின் குரல் கொட்டகை முழுக்க எதிரொலித்தது. வாழ்க்கையில் அவர் யாரிடமும் இப்படிக் கத்தியதில்லை. "அன்னிக்குச் சொல்லியிருந்தா ஒரு தக்கையோட போயிருக்கும். டாக்டரம்மா சொன்னாங்க. இப்ப பாதி மூட்டு இல்ல எனக்கு! உங்களுக்குக் கண்ணு போச்சுன்னு நெனச்சு, உங்க மானத்தைக் காப்பாத்த நாலு பேர் கனத்தை நான் ஒருத்தன் சுமந்தேன். நீங்க என்னடான்னா தெரிஞ்சே..."

"நொண்டின்னு ஒருத்தன் முகத்துக்கு நேரா எப்படிடா சொல்றது" என்றார் கிழவர். "சொல்லியிருந்தா நீ அப்பவே வீட்டுக்குப் போயிருப்பே."

"போயிருப்பேன். போற வழில டாக்டரைப் பாத்திருப்பேன்."

வாசலில் பேச்சும் சிரிப்பும் கேட்டன. ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். கயெத்தானோ மரத்துண்டை மணல் மூட்டைமேல் எறிந்துவிட்டு, தக்கையைச் செருப்புக்குள் வைத்தார். சும்மாட்டை உதறிப் பிடரியில் கட்டிக்கொண்டார். இஸ்திரி மடிப்பு கலைந்தது.

முப்பத்தைந்து பேரும் உள்ளே போனார்கள். திரைச்சீலை இறங்கியது. தூக்குவதற்கு முன்னால் மேஸ்திரி கேட்பதும், கட்டை கட்டையாகப் பதில் வருவதும் வழக்கம். எவரிஸ்தோ வெளியிலிருந்து குரல் கொடுத்தார். குரல் வழக்கத்தைவிடக் கம்மியாக இருந்தது. "எல்லாரும் சரியா?"

ஒன்றாவது கட்டை சரி என்றது. இரண்டாவது சரி. மூன்றாவது சரி. நாலாவது கட்டைக்குப் பதில் சொல்ல வேண்டியது இடது ஓரத்து ஆள். இருட்டில் எல்லாரும் காத்திருந்தார்கள். ஒனோஃப்ரே முழங்கையால் இடித்தார். "மாப்ள, தூங்கிட்டியா?"

"ஒண்ணு கேக்கணும்" என்று கயெத்தானோ சத்தமாகச் சொன்னார். "என் இடுப்புக்கு யார் பதில் சொல்றது?"

உள்ளே முப்பத்து நாலு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. கட்டைக்கு அடியிலிருந்து மேஸ்திரியை இதுவரை யாரும் கேள்வி கேட்டதில்லை.

"நான்தான்" என்றார் எவரிஸ்தோ, எல்லாருக்கும் கேட்கும்படி. "நான்தான் பதில் சொல்லணும். தெரிஞ்சும் சொல்லாம விட்டேன். தப்பு என்னுது."

கயெத்தானோ இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி வைத்தார்.

"நாலாவது சரி" என்றார். "தட்டுங்க."

சுத்தி விழுந்தது. சப்பரம் எழுந்தது. பக்கத்தில் ஒனோஃப்ரே பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார். "டேய், என்னடா இது, இன்னிக்கு எமனா கனக்குது!"

"உன் பங்குடா அது" என்றார் கயெத்தானோ. "தூக்கு."